பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெட்டி

“திருப்புங்க ஆன்டி! நிறுத்தாதீங்க, திருப்பிக்கிட்டே இருங்க!”

திறந்து கிடந்த பானெட்டுக்குள் தலையை விட்டபடி ஜெயராஜ் கத்தினான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த அம்மாள் சாவியை முறுக்கினார். எஞ்சின் உர்... உர்... உர்... என்று சுற்றியது. சுற்றியதே தவிர, பற்றிக்கொள்ளவில்லை. ஃபெடரல் ஹைவேயில் ஒரு கண்டெய்னர் லோரி ஆறடி தள்ளிச் சீறிக்கொண்டு போக, கார் மொத்தமும் ஒரு தடவை ஆடி நின்றது.

“போதும்! நிறுத்துங்க!”

அவன் கையில் சுண்டைக்காய் அளவு ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் பிளக்கில் அதைச் செருகியிருந்தான். எஞ்சின் சுற்றும்போது அந்தப் பல்பு மின்மினி மாதிரி மினுக்க வேண்டும். ஒரு மினுக்குக்கூட இல்லை.

மணி பத்து இருபது.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் ஜெயராஜ், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் பாதையில் ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தான். பத்து தீகா என்ற ஊரைத் தாண்டினதும் இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்தக் காட்சி. பச்சைப் பட்டுச் சேலை கட்டின, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஹைவேயில் இறங்கி ஒரு டாக்சியை மறித்தார். டாக்சி நிற்கவில்லை. வளைந்து, ஹாரனால் திட்டிவிட்டுப் போனது. ‘இந்த அம்மாவுக்கு உயிர்மேல ஆசை இல்லையா?’ என்று நினைத்தபோதே ஜெயராஜ் பிரேக் பிடித்துவிட்டான். சீட்டுக்கு அடியிலிருந்த டூல்ஸ் பையை எடுத்துத் தடுப்பைத் தாண்டிக் குதித்தான்.

“தம்பி மெக்கானிக்கா?” என்றார் பச்சைப் பட்டு.

“பிரிக்ஃபீல்ட்ஸ் வொர்க்‌ஷாப்ல ஒன்பது வருஷமா.”

“பன்னிரண்டு மணிக்கு நாங்க கிள்ளான்ல இருக்கணும். பன்னிரண்டு அஞ்சுக்கு இல்லை.”

அவர் பெயர் மெய்யம்மை. காருக்குள் இன்னும் இரண்டு பெண்கள். பின்சீட்டில் பாதியை நிறைத்துக்கொண்டிருந்தவர் மாரியாயி, செராஸில் மகனோடு இருப்பவர். மீதிப் பாதியில் ஒடுங்கி உட்கார்ந்து, கைக்குட்டையில் ஓடிகொலோன் நனைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தவர் பவுனம்மாள், பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்.

“கல்யாணமா ஆன்டி?” என்றான் ஜெயராஜ், பல்பைக் கழற்றியபடி.

“கல்யாணத்துக்கு லேட்டாப் போனா சாப்பாடாவது கிடைக்கும்,” என்றது பின்சீட்டிலிருந்து மாரியாயியின் குரல். “இது எலக்‌ஷன் தம்பி! ஆச்சி நிக்கிறாங்க!”

மெய்யம்மை ஆச்சி கைப்பையைத் திறந்து ஒரு நீளமான கவரைக் காட்டினார். கிள்ளானில் ஓர் அம்மன் கோயில். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நிர்வாகத் தேர்தல். வேட்புமனு கொடுக்க இன்று பன்னிரண்டு மணிதான் கடைசி. தலைவர் பதவிக்கு இதுவரை ஒரே ஒரு மனு, இப்போதைய தலைவருடையது. இன்னொரு மனு வராவிட்டால் போட்டி இல்லை, தேர்தல் இல்லை, அவரே மறுபடியும் தலைவர்.

“இருந்துட்டுப் போகட்டுமே?” என்றான் ஜெயராஜ்.

“கோயில் மண்டபத்துல பதினோரு வருஷமா பாலர் பள்ளி நடத்துறேன் தம்பி. அறுபத்து ரெண்டு பிள்ளைங்க. ஜனவரியிலேர்ந்து மண்டபத்தைக் கல்யாணத்துக்கும் பார்ட்டிக்கும் ஏழு நாளும் வாடகைக்கு விடப் போறாராம் தலைவர். பிள்ளைங்க வெளியே. மூணு தடவை பேசிப் பார்த்தாச்சு. முடிவு பண்ணினது பண்ணினதுதான்னு சொல்லிட்டாரு.”

“கிள்ளான்ல ஒரு ஆள் கையெழுத்துப் போட வரலை,” என்றார் பவுனம்மாள், ஒற்றிக்கொண்டே. “தலைவர் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பயம். ஆயுள் உறுப்பினர்தான் முன்மொழியணும், ஆயுள் உறுப்பினர்தான் வழிமொழியணும். நாங்க ரெண்டு பேரும் ஊரை விட்டு வந்து வருஷமாச்சு, எங்களுக்கு என்ன பயம்? விடியக்காலையிலே வந்து ஆச்சி எங்களை அள்ளிட்டு வந்துட்டாங்க.”

“அப்ப ஆச்சி மட்டும் என் மோட்டார்ல ஏறுங்க, பத்தே நிமிஷம்.”

“மூணு பேரும் நேர்ல நிக்கணும். சட்டம்,” என்றார் ஆச்சி.

ஜெயராஜ் தன் கப்சாயைப் பார்த்தான். நூறு சிசிகூட இல்லாத சின்ன மோட்டார். அப்புறம் மாரியாயியைப் பார்த்தான்.

“என்னை ஏன் பார்க்கிற?” என்றார் மாரியாயி. “உன் மோட்டாரை வேணும்னா நான் தூக்கிக்கிட்டு நடக்கிறேன்.”

ஜெயராஜ் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே முன்சீட்டுப் பக்கக் கதவைத் திறந்து, தரையில் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான்.

“கார்பரேட்டர் காலம் போச்சு ஆச்சி. இந்த மாதிரி ஜப்பான் காடியில எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்துலன்னு ஒரு பெட்டிதான் சொல்லும். ஃபியூவல் கண்ட்ரோல் பெட்டி. அது வாயை மூடிட்டா எஞ்சினுக்கு ஒரு சொட்டு கிடைக்காது. பட்டினிதான். அது இங்கதான் எங்கேயோ...”

நிறுத்தினான். மூக்கைச் சுளித்தான்.

“ஆச்சி... காடியில யாராவது பாலைக் கொட்டினீங்களா?”

ஜெயராஜ் தலையை வெளியே எடுத்து மேலே பார்த்தான். டாஷ்போர்டின் இடது ஓரம், கண்ணாடிக்குக் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில், விரலளவு வெண்கலப் பிள்ளையார். நெற்றியில் சந்தனம். காலடியில் காய்ந்த அறுகம்புல். துளையின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு.

“வெள்ளிக்கிழமை தவறாம அவங்க ஒரு கரண்டி பால் அபிஷேகம் பண்ணுவாங்க,” என்றார் ஆச்சி மெதுவாக. “ஒரு சின்னக் கரண்டிதான்.”

“வீட்டு அங்கிளா?”

“ம்.”

“எத்தனை வருஷமா?”

“காடி வாங்கின நாள்லேர்ந்து. நாலு வருஷம்.”

“வருஷத்துக்கு அம்பத்திரண்டு கரண்டி!” ஜெயராஜ் மறுபடி உள்ளே போனான். நாலு ஸ்க்ரூ. மூன்று பிளக். புத்தகம் அளவு ஓர் அலுமினியப் பெட்டி அவன் மார்பில் விழுந்தது. மூடியைக் கழற்றினதும் புளித்த வாடை குப்பென்று கிளம்ப, பவுனம்மாள் மொத்தக் கைக்குட்டையையும் மூக்கில் அழுத்திக்கொண்டார். உள்ளே இருந்த பச்சைப் பலகையில் பாலாடை படிந்து, காய்ந்து, செம்புக் கோடுகளை அரித்துத் தின்றிருந்தது. ஒரு மூலையில் கரிப்புள்ளி.

“இதைக் கழுவி மாட்ட முடியாதா?” என்றார் மாரியாயி.

“கருகிப் போச்சுக்கா. வேற பெட்டிதான்.”

பத்து முப்பத்திரண்டு.

ஆச்சி மறுபடி ஹைவேயில் இறங்கிக் கையை நீட்டினார். ஒரு டாக்சி, இரண்டு டாக்சி, மூன்று. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ஒவ்வொன்றிலும் ஆறு தலை, மடி நிறையத் துணிப்பொட்டலம், முறுக்கு டின். ஒன்றும் நிற்கவில்லை.

“ஆச்சி!” ஜெயராஜ் தடுப்பைத் தாண்டிவிட்டான். செத்த பெட்டி சட்டைக்குள் இருந்தது. “சுங்கைவேயில ஒரு ஹாஃப்-கட் கடை இருக்கு. பெட்டி கிடைச்சா பெட்டியோட வரேன். டாக்சி கிடைச்சா டாக்சியோட வரேன். ரோட்டுல மட்டும் இறங்காதீங்க, ப்ளீஸ்!”

கப்சாய் அலறிக்கொண்டு பறந்தது.

*

ஜப்பானில் பழசாகிப்போன கார்களைக் கேக் வெட்டுவதுபோல் பாதியாக அறுத்து, எஞ்சின் இருக்கும் முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். அதை வாங்கி, பிரித்து, துண்டு துண்டாக விற்பதுதான் ஹாஃப்-கட் கடை. சுங்கைவேயில் ஆ செங்கின் கடை வாசலில் முப்பது கார் மூஞ்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. இரும்புக் கதவில் ஆள்காட்டி விரல் தடிமனுக்குப் பூட்டு.

“பாஸ்! ஆ செங் பாஸ்!” ஜெயராஜ் கதவைக் குலுக்கினான்.

மாடியில் ஜன்னல் திறந்தது. பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஆ செங். கையில் கஞ்சிக் கிண்ணம்.

“ஹரி மிங்கு லா! ஞாயித்துக்கிழமை கடை துத்தோப், மூடியாச்சு!”

“ஒரே ஒரு பெட்டி பாஸ்! எமர்ஜென்சி!”

“எல்லாருக்கும் எமர்ஜென்சி. யாரு சாகுறது?”

“அறுபத்து ரெண்டு பிள்ளைங்களோட ஸ்கூல் சாகுது பாஸ்!”

ஆ செங் கஞ்சியைப் பார்த்தார். ஜெயராஜைப் பார்த்தார். ஜன்னல் மூடியது. அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து பூட்டு திறக்கும் சத்தம்.

கடையின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பெட்டிகள். நூறா, இருநூறா? எந்தக் காரின் பெட்டி எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸில் ஓர் எழுத்து மட்டும். ஆட்டோ கியர் காரிலிருந்து எடுத்ததற்கு ஏ, கை கியருக்கு எம். ஆச்சியின் கார் ஆட்டோ. மற்றபடி பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் நம்பர்தான்.

ஜெயராஜ் முழங்காலிட்டான். செத்த பெட்டியின் நம்பரை வாய்விட்டுப் படித்தான். பத்து இலக்கம். கடைசி இரண்டு இலக்கம் ‘1’, ‘0’. அதேதான் வேண்டும். ஒரு நம்பர் மாறினாலும் வேறு கார்.

ஒன்று... இல்லை. இரண்டு... இல்லை. பத்து... இருபது... கையெல்லாம் துரு. வியர்வை கண்ணில் இறங்கியது. ஆ செங் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு கையில் கரண்டி, ஒரு கையால் அவரும் புரட்டினார்.

“இது?”

“முன்னாடி நம்பர் வேற பாஸ்.”

“இது?”

ஜெயராஜ் பிடுங்கினான். முதல் எட்டு இலக்கமும் அப்படியே! கடைசி இரண்டு இலக்கம் மட்டும்... ‘2’, ‘0’. முதுகில் சாக்பீஸில் எம்.

பதினொன்று ஆறு.

“கை கியர் பெட்டி,” என்றார் ஆ செங். “எஞ்சின் ஓடும். ஆனா நிக்கும்போது கத்தும். பேய் மாதிரி கத்தும். பிரேக்லேர்ந்து காலை எடுத்தா பாய்ஞ்சிடும்.”

“பிளக் சேருமா?”

“சேரும். சேரலைன்னா எங்கிட்ட வராதே.”

இன்னும் நூறு பெட்டி பாக்கி. சரியான பெட்டி அதற்குள் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஜெயராஜ் ஒரு கணம் குவியலைப் பார்த்தான். அப்புறம் எம் பெட்டியைச் சட்டைக்குள் போட்டுப் பித்தானை மாட்டினான்.

“நாளைக்கு வந்து பேசிக்கிறேன் பாஸ்!”

“போ லா, போ!”

வெளியே டாக்சி நிறுத்தத்தில் நாற்பது பேர் வரிசை, டாக்சி ஒன்றுகூட இல்லை. ஜெயராஜ் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

*

பதினொன்று இருபத்திரண்டு. ஆச்சி ரோட்டில்தான் நின்றார்.

“இறங்காதீங்கன்னு சொன்னேன்ல!”

“பத்து டாக்சி போயிடுச்சு தம்பி. கிடைச்சுதா?”

ஜெயராஜ் சட்டைக்குள்ளிருந்து பெட்டியை உருவிக் காட்டினான். பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினான். காரின் தரையில் வழுக்கி விழுந்தான். முதல் பிளக், க்ளிக். இரண்டாவது, க்ளிக். மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. க்ளிக்! எழுந்து ஓடிப் பேட்டரியை மாட்டினான்.

“திருப்புங்க ஆச்சி!”

உர்... உர்... உர்... உர்...

“இன்னும்!”

உர்... உர்... உர்...

ஒன்றும் இல்லை.

மூன்று பெண்களும் அவனையே பார்த்தார்கள். மாரியாயிகூடக் கேலியை விட்டுக் கையைக் கூப்பிவிட்டார். அதுதான் ஜெயராஜை அதிகம் கலக்கியது.

தப்பான பெட்டி. எம் பெட்டி. ஏ பெட்டியைத் தேடியிருக்க வேண்டும். நூறு பெட்டியையும் புரட்டியிருக்க வேண்டும்... அவன் பல்பை எடுத்து இன்ஜெக்டர் பிளக்கில் மறுபடி செருகினான். “திருப்புங்க.” பல்பு மினுக்கியது! ஒரே ஒரு தடவை. அப்புறம் செத்தது. அப்புறம் இன்னொரு தடவை.

“பெட்டி நல்ல பெட்டி!” ஜெயராஜ் துள்ளினான். “பேசுது! ஆனா பேசுறது போய்ச் சேரலை!”

டாஷ்போர்டுக்கு அடியில் மறுபடி மல்லாந்தான். பிளக்குகளைப் பிடுங்கி டார்ச் அடித்தான். அட! பெட்டியை மட்டும்தான் மாற்றினான். நாலு வருஷப் பால் இறங்கின பாதை பிளக்கின் துளைகளுக்குள்ளும் போயிருந்தது. ஒவ்வொரு துளையிலும் காய்ந்த தயிர் மாதிரி வெள்ளை அடைப்பு.

“ஹேர்பின்! யார்கிட்டயாவது ஹேர்பின் இருக்கா?”

மூன்று கொண்டையிலிருந்தும் மூன்று கை ஹேர்பின்களை உருவியது.

“ஸ்பிரிட் வேணும். தண்ணி கூடாது. உடனே காயுற மாதிரி...” அவன் பார்வை பவுனம்மாளின் மடியில் நின்றது. “அந்த ஓடிகொலோன்!”

“இது மலாக்காவிலேர்ந்து என் நாத்தனார்—”

“குடுடி!” என்று மாரியாயி அதைப் பறித்து முன்னால் நீட்டினார்.

ஜெயராஜ் துளை துளையாகக் குத்தினான். ஓடிகொலோனை ஊற்றினான். கைக்குட்டை முனையைத் திரித்து நுழைத்துத் துடைத்தான். வெள்ளைத் துகள்கள் அவன் முகத்தில் உதிர்ந்தன. நாற்பத்தாறு துளை. அவன் எண்ணவில்லை, ஆனால் பவுனம்மாள் எண்ணினார், சத்தமாக, ஒவ்வொரு துளைக்கும் தன் பாட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே.

“தலைவருக்கு இன்னிக்கு யோகம்தான்,” என்றான் ஜெயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு. “பிள்ளைங்களைத் துரத்துற ஆளுக்கு எப்படித்தான் எல்லாம் ஒத்து வருதோ! சுயநலக்காரர்.”

“சுயநலக்காரர் இல்லை தம்பி.” ஆச்சியின் குரலில் ஒரு கண்டிப்பு. “கோயிலுக்கு அவர் உழைச்ச உழைப்பு கொஞ்சமில்லை. கோபுரத்துக்குக் கடன் இருக்கு, வாடகை வந்தா அடைச்சிடலாம்னு நினைக்கிறாரு. நினைச்சா மாத்திக்க மாட்டாரு, அதுதான் தப்பு.”

“எதிர்த்து நிக்கிற ஆளுக்கே பரிஞ்சு பேசுறீங்களே!”

பின்சீட்டில் மாரியாயி பவுனம்மாளை இடித்தார். பவுனம்மாள் இடித்ததைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

“திருப்புங்க!”

உர்... உர்...

வ்ர்ர்ரூம்!

கார் எழுந்து கத்தியது. ஆ செங் சொன்னது சரி, பேய்க் கத்தல்தான்! மாரியாயி பதிலுக்குக் கத்தினார். பவுனம்மாள் காலிப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். ஆச்சியின் கண்கள் பளபளத்தன.

“நகருங்க ஆச்சி! இந்தப் பேயை நான் ஓட்டுறேன்!”

“உன் மோட்டார்?”

“தடுப்புலேயே கிடக்கட்டும். திருடன் வந்தா தீபாவளிப் பரிசு!”

பதினொன்று நாற்பது.

*

கியரைப் போட்டதும் கார் பாய்ந்தது. ஜெயராஜ் பாய விட்டான். ஷா ஆலம் பலகை கண்ணில் பட்டு மறைந்தது. லோரியைத் தாண்டினான், பஸ்ஸைத் தாண்டினான். ஓடிகொலோனும் புளித்த பாலும் சேர்ந்து அடித்த வாடையில், நாலு ஜன்னலும் திறந்து, நாலு பேர் தலைமுடியும் பறந்தது.

“தொண்ணூறு!” என்றார் பவுனம்மாள், எட்டிப் பார்த்து.

“மீட்டரைப் பார்க்காதீங்க ஆன்டி, அம்மனைப் பாருங்க!”

பதினொன்று ஐம்பத்தொன்று. கிள்ளான் பாலம். அதற்கு முன்னால் சிவப்பு விளக்குகளின் கடல். ஊரே துணி வாங்க வந்திருந்தது. ஜெயராஜ் பிரேக்கை மிதித்தான். கார் நின்ற இடத்தில் நின்றபடி அலறியது. முன்னால் இருந்த வேன்காரன் திரும்பிப் பார்த்து மிரண்டு ஓரம் கட்டினான்.

“அட! நகருறான்!”

மாரியாயிக்கு அது போதும். இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே வந்துவிட்டார். “பிரேக் இல்லை! பிரேக் இல்லாத காடி! தெப்பி! தெப்பி!” ஓரம் போ, ஓரம் போ என்று மலாயில் அவர் கொடுத்த குரலுக்கு ஆற்றில் இருந்த படகுகூட ஒதுங்கியிருக்கும். கார்கள் ஒதுங்கின. மோட்டார்கள் ஒதுங்கின. பாலத்தின் நடுவே ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். காரின் அலறலைக் கேட்டதும் அதே கையால் போ போ என்று வழிகாட்டினார்.

பதினொன்று ஐம்பத்தேழு. கோயில் வாசல். ஜெயராஜ் சாவியைத் திருப்பியதும் பேய் அடங்கியது.

மூன்று பெண்களும் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். ஜெயராஜும் ஓடினான். மண்டபத்தின் ஓரத்தில் குட்டிக் குட்டி நாற்காலிகள் அடுக்கியிருந்தன, சிவப்பு, மஞ்சள், நீலம். அதைத் தாண்டி அலுவலகம்.

நீள மேஜைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி சின்னையா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சுவர்க் கடிகாரத்தின்மேல் ஒரு கண், மூடி திறந்த பேனாமேல் ஒரு கண். சுவரோரம் நிர்வாகக் குழுவினர் ஏழெட்டுப் பேர். நடுவில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு தலைவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் பிளாஸ்டிக் பையில் ரோஜா மாலை, போட்டியின்றித் தேர்வானதும் போடுவதற்குத் தயாராக.

ஆச்சியைப் பார்த்ததும் தலைவர் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது.

“மனு கொண்டு வந்திருக்கேன் ஐயா,” என்றார் ஆச்சி, மூச்சு வாங்க.

சின்னையா கவரைப் பிரித்தார். “முன்மொழிபவர்?” “நான்தான், மாரியாயி!” “வழிமொழிபவர்?” “பவுனம்மாள்.” இரண்டு அடையாள அட்டையையும் பார்த்தார். பேனா நகர்ந்தது. பதினொன்று ஐம்பத்தெட்டு.

“சரி. இனி வாய்மொழி.” சின்னையா தொண்டையைச் செருமினார். “இந்தக் கோயிலைக் கட்டின ரயில்வேக்காரங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அப்ப வச்ச விதி இன்னும் இருக்கு. என்ன பதவிக்கு, யாரை எதிர்த்து, யார் நிக்கிறாங்கன்னு வேட்பாளர் தன் வாயால எல்லாரும் கேட்கச் சொல்லணும். சொன்னாத்தான் மனு செல்லும்.”

இவ்வளவுதானா! ஜெயராஜ் மூச்சை விட்டான்.

“தலைவர் பதவிக்கு...” என்றார் ஆச்சி. “திரு...”

நின்றார்.

உதடு பிரிந்தது. மூடியது. காது மடல்கள் சிவந்தன. ஹைவே நடுவில் டாக்சியை மறித்த அம்மாள், இப்போது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

“ஆச்சி, சொல்லுங்க!” ஜெயராஜால் பொறுக்க முடியவில்லை. “பேர் மறந்துட்டீங்களா? அதோ, சுவத்துல போர்டுலயே இருக்கு, பாருங்க!”

“சும்மா இரு தம்பி,” என்று மாரியாயி அவன் கையைக் கிள்ளினார். மாரியாயியின் கண்ணில் தண்ணீர். பவுனம்மாள் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். சுவரோரம் நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். ஜெயராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெயர்! நாலைந்து எழுத்து!

“நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது ஆச்சி,” என்றார் சின்னையா தாழ்ந்த குரலில். “விதி.”

பதினொன்று ஐம்பத்தொன்பது. பெரிய முள் அசைந்தது.

ஆச்சி திறந்திருந்த கதவு வழியே மண்டபத்தைப் பார்த்தார். குட்டி நாற்காலிகள். அப்புறம் நிமிர்ந்தார். தலைவரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

“தலைவர் பதவிக்கு... கண்ணப்பன்.” குரல் கடைசிச் சுவர்வரை கேட்டது. “திரு. கண்ணப்பனை எதிர்த்து, மெய்யம்மை ஆகிய நான் போட்டியிடுறேன்.”

சின்னையாவின் பேனா கையெழுத்தைப் போட்டு முடிக்கவும் கடிகாரம் முதல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

“மனு ஏற்கப்பட்டது!”

ஜெயராஜ் கையைத் தட்டப் போனான். வேறு யாரும் தட்டவில்லை. தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக எழுந்து, ஆச்சியை நோக்கி நடந்து வந்தார். ஜெயராஜ் சட்டென்று குறுக்கே போய் நின்றான்.

“ஐயா, எதுவா இருந்தாலும் ஓட்டுல பார்த்துக்குங்க. ஆச்சிகிட்ட வம்பு வேணாம்.”

தலைவர் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தோளுக்கு மேலாக ஆச்சியைத்தான் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. என்னவோ ஒன்று இருந்தது, ஜெயராஜுக்குப் பெயர் தெரியாத ஒன்று.

“நமக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம்,” என்றார் கண்ணப்பன். “இன்னிக்குத்தான் முதல் தடவையா என் பேரைச் சொல்லியிருக்கே, மெய்யம்மை.”